இந்தப் புள்ளி ஆர்?

அக்காவுக்குக் கணக்கில் பைத்தியம் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்து சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் அதை நான் மறுக்கிறேன். கணக்கு அவருக்கு ஒரு சாட்டு. உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது ஊர்ப்புதினம், ஆட்களின் கதை.

கணினித் திரையில் நூறு புள்ளிகள் கிடக்கும். நாங்கள் பார்த்தால் புள்ளிகள், அவர் பார்த்தால் ஆட்கள். எல்லாரும் ஓரிடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க ஒருவர் மட்டும் தள்ளி நின்றால் போதும், அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போவார். கச்சான் கடலை உடைத்த விரலை அப்படியே திரையில் வைப்பார். பிறகு கேட்பார்:

“இந்தப் புள்ளி ஆர்?”

சும்மா பேச்சுக்குக் கேட்பதில்லை. விடை கிடைக்கும்வரை வேலை நகராது. முதலில் தொலைபேசி. அதில் சரிவராவிட்டால் ஸ்கூட்டி. துணுக்காய்ப் பக்கத்து உளுந்து விளைச்சலைப் படமாக்கியபோது ஒரு புள்ளி மற்றவர்களைவிட எங்கேயோ உயரத்தில் நின்றது. அதைத் தேடி அக்கா காலையில் புறப்பட்டுப் போனார். மத்தியானம் அந்தப் புள்ளி அவரை மறித்துச் சாப்பாடு கொடுத்து, பின்னேரம் ஒரு பை உளுந்தோடு அனுப்பிவைத்தது. உளுந்தை எங்களுக்கும் பங்கிட்டார்.

“புள்ளி நல்ல மனிசன். காணியின்ரை அளவைத்தான் பதிஞ்ச பிள்ளையள் பிழையாய்ப் பதிஞ்சுபோட்டுதுகள்” என்றார்.

எங்கள் அலுவலகம் கிளிநொச்சியில், பெருந்தெருவோடு ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே கம்பி வெட்டுகிற சத்தம், மேலே நாங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த ஒருவர் நடத்தினார். அவரை நாங்கள் சேர் என்போம். சேர் அக்காவைவிட மூத்தவர். ஆனாலும் அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் கிழமை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், நாக்கு ஒத்துழைக்கவில்லைப் போல.

ஊர் அமைப்புகளும் திணைக்களங்களும் சேர்த்துவைத்திருக்கும் புள்ளிவிவரங்களைப் படமாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அறிக்கையை நான் எழுதுவேன், படத்தை அக்கா வரைவார். வரைவதென்றால் கையால் அல்ல. புள்ளிவிவரத்தைக் கொடுத்தால் படமாக்கித் தருகிற நிரல்களின் தொகுப்பு ஒன்று உண்டு. லைப்ரரி என்போம். பல நாடுகளிலும் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதி வைத்திருப்பது. பட்டைப் படம், கோட்டுப் படம், பெட்டிப் படம் என்று அதற்குள் ஆயத்தமாக இருக்கும். எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. உலகம் முழுவதும் அப்படித்தான் முடிக்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் அதில் ஒன்றும் பொருந்தாது. கடையில் தொங்குகிற சட்டை ஒன்றும் அளவில்லை என்று தையற்காரரிடம் போகிறவர்களைப்போல, லைப்ரரியைப் பிரித்து அதற்குள் தன்பாட்டுக்குப் புதுவகைப் படம் ஒன்றைத் தைக்கத் தொடங்கிவிடுவார்.

“ஏற்கெனவே இருக்கிற ஒரு வகைக்கு மேலை நாங்கள் எங்கடையைக் கட்ட வேணும்” என்று எனக்கு விளங்கப்படுத்துவார். “அச்சு, அளவு, நிறம் எல்லாம் அது பாத்துக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதை எங்கை கீறுறது எண்டதை மட்டும் நாங்கள் சொல்லிக்குடுத்தாக் காணும். லேசு.”

லேசு என்று அவர் சொன்னால் ஒரு மாதம் என்று சேருக்குத் தெரியும். சேர் தலையில் கைவைப்பார்.

இந்தத் தையல் நோய் அவருக்குப் பளையில் தொடங்கியது. அவர் வேலைக்கு வந்த புதிது. அந்தப் பக்கத்துக் கிணறுகளில், நிலமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று மாதாமாதம் அளந்து வைத்திருந்தார்கள். சேர் அதைக் கோட்டுப் படமாக்கி ஊர்க் கூட்டத்தில் காட்டினார். கோடை நெருங்க நெருங்கக் கோடு மளமளவென்று மேலே ஏறியது. சனத்துக்குப் பெரிய சந்தோசம். முன்வரிசையில் ஒருவர் கைதட்ட, மண்டபமே தட்டியது. சேரும் சிரித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது.

“சேர், கிணறு வத்தினதுக்கு எல்லாரும் கைதட்டுகினம்.”

ஆழம் கூடினால் எண் கூடும், எண் கூடினால் கோடு ஏறும். லைப்ரரியைப் பொறுத்தவரை ஏறுகிறது ஏறுகிறதுதான். அக்கா அன்றைக்கே இருந்து ஒரு கிணற்றுப் படம் செய்தார். மேலே நிலம் ஒரு கோடாக ஓடும். கோட்டுக்குக் கீழே வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு கிணறு, அடியில் எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே நீலம். அடுத்த கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. ஒரு அம்மா மட்டும் எழுந்து திரைக்குக் கிட்ட வந்து, ஆக ஆழத்தில் சொட்டு நீலத்தோடு கிடந்த குழியைத் தொட்டு, “உது என்ரை கிணறெல்லே!” என்றார். அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் மாதிரி நின்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

பெட்டிப் படம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. நடுவில் வருகிற பாதிப்பேரைப் பெட்டி ஒன்றுக்குள் அடக்கி, மிச்சப்பேரை இரண்டு பக்கமும் கோடுகளாக இழுத்து, அதற்கும் எட்டாதவர்களை மட்டும் புள்ளியாக விடுகிற படம் அது. உலகத்தில் படித்தவர்கள் எல்லாரும் மதிக்கிற படம்.

“ஆக்களைப் பெட்டிக்குள்ளை போட்டு மூடியாச்சு. உள்ளுக்கை ஆர் ஆர் இருக்கினம் எண்டு திறந்து பாக்கவும் ஏலாது. இது என்ன படம்?” என்பார்.

சராசரி என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லக்கூடாது. ஒருமுறை எங்களை மிரட்டுவதற்கென்று சேர் ஒரு படம் கேட்டார். யார் யார் வேலைக்குப் பிந்தி வருகிறோம் என்று. சராசரி மட்டும் போதும் என்றார். அக்கா எங்கள் ஒவ்வொருவரின் ஒவ்வொரு நாளையும் ஆளுக்கொரு நிறத்தில் புள்ளியாக்கிப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். ஒரே ஒரு நிறப் புள்ளிகள் மட்டும் கூட்டத்தைவிட்டு வலப்பக்கம் வெகுதூரம் போய், தாளின் ஓரத்தில் விழப்பார்த்துக்கொண்டு நின்றன. சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அக்காவின் குரலிலேயே, “இந்தப் புள்ளி ஆர்?” என்று பகிடியாகக் கேட்டார்.

“அது நீங்கள், சேர்.”

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தபோது சுவரில் ஒட்டுநாடாவின் மிச்சம் மட்டும் இருந்தது.

வீட்டிலும் இதே கூத்துத்தான் என்று அவருடைய அம்மா என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார். உடையார்கட்டில் இருந்து ஒரு தரகர் சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது, இந்தக் காலத்தில் எட்டு யாருக்குக் கிடைக்கிறது என்று தேத்தண்ணீரும் குடித்து முடித்துவிட்டார். அறைக்குள் இருந்து அக்கா வெளியே வந்தார்.

“மிச்சம் ரெண்டும் என்ன?”

“அது பெரிசில்லைப் பிள்ளை. மொத்தமாய்ப் பாத்தால் நல்ல பொருத்தம்.”

“மொத்தம் இருக்கட்டும். அந்த ரெண்டும் எது? ஏன் வரேல்லை?”

தரகர் சொல்லித்தானே ஆகவேண்டும். சொல்லச் சொல்ல மேலும் கேள்வி வந்தது. கடைசியில் மாப்பிள்ளை பற்றித் தான் சொல்லாமல் வைத்திருந்த விசயங்களையும் அவர் வேர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொல்லிமுடித்துவிட்டுப் போனாராம். பிறகு அந்தத் தெருவால் அவர் வரவில்லை.

லைப்ரரியைப் பராமரிக்கிறவர்களோடும் இதே சண்டைதான். அதற்குள் யாரும் புதிதாக எதையும் எழுதிச் சேர்க்கலாம். ஆனால் பராமரிக்கிறவர்கள் பார்த்துக் கேள்வி கேட்டுச் சரி என்ற பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருந்த ஒருவரிடம்தான் அக்காவின் நிரல்கள் எப்போதும் மாட்டும். பொறுமையான மனிதர். அக்கா அனுப்பிய முதல் படங்களில் ஆட்களின் பெயர்கள் தமிழில் இருந்தன. அந்த லைப்ரரிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் சதுரம் சதுரமாக வெறும் பெட்டிகள். பெயர்களை எடுத்துவிட்டு எண் போடலாமே என்று அவர் எழுதினார். அக்கா அன்று முழுக்கக் கச்சான் உடைக்கவில்லை.

“ஆளையும் எடுத்துப்போட்டுப் பேரையும் எடுத்துப்போட்டு என்னத்தைக் கீறுறது?” என்று என்னிடம் பாய்ந்தார், ஏதோ நான்தான் சொன்னதுபோல. பிறகு எழுத்தைச் சரியாகக் கோக்கிற நிரலையும் எங்கிருந்தோ தேடி இணைத்து அனுப்பினார். அந்த மனிதர் நன்றி சொன்னார். வேறு என்ன செய்வார்?

இனி வாய்க்கால் கதை. அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இதுதான்.

குளத்துத் தண்ணீரில் விதைக்கிற ஒரு குடியேற்றத்திட்டம். துருசு என்கிற குளத்து மதகில் இருந்து ஒரு வாய்க்கால் புறப்பட்டு வயல் வயலாகப் போய் முடியும். தலைப்பில் இருக்கிறவர்களுக்குத் துருசைத் திறந்த அன்றே தண்ணீர். வாலில் இருக்கிறவர்களுக்கு வந்தால் உண்டு. போன சிறுபோகத்தில், அதாவது கோடை விதைப்பில், வால்காரர் விதைத்த நெல் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்திலேயே கருகிப்போனது. இந்தச் சிறுபோகத்தில் தண்ணீர் முறையை வாலில் இருந்து தொடங்குங்கள், கடைசி வயல் நனைந்த பிறகு தலைப்புக்காரர் எடுக்கட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தலைப்புக்காரர் விடுவார்களா? எல்லாருக்கும் போதிய தண்ணீர் போனது, உங்களுக்குக் கமம் செய்யத் தெரியாது என்றார்கள். கமக்காரர் அமைப்பு வீடு வீடாகப் பிள்ளைகளை அனுப்பி, போன சிறுபோகத்தில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று கேட்டுப் பதிந்து எங்களிடம் கொடுத்தது. கூட்டத்தில் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதாக ஏற்பாடு. முறை மாறாவிட்டால் வால்காரர் விதைப்பதும் ஒன்று, விதைநெல்லைக் கோழிக்குப் போடுவதும் ஒன்று.

சேர் பட்டைப் படம் போட்டுப் பார்த்தார். சராசரி நன்றாக வந்தது. அக்கா பெட்டிப் படத்தைக்கூடப் போட்டுப் பார்த்தார், அவ்வளவுக்கு மனம் குழம்பியிருந்தார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தண்ணீர் கண்டவர், நிறையக் கண்டவர், அவ்வளவுதான்.

“தண்ணி ஆளாளுக்கு வானத்திலையிருந்து விழேல்லைத் தானே” என்றார் திடீரென்று. “ஒருத்தற்றை வயலைத் தாண்டித்தான் மற்றவற்றை வயலுக்குப் போகுது. அப்ப ஆக்கள் நிக்கிற ஒழுங்கிலை நிக்க வேணும்.”

லேசு என்றார். சேர் நாட்காட்டியைப் பார்த்தார்.

அப்படிப் பிறந்ததுதான் வாய்க்கால் படம். இடப்பக்கம் துருசு. அங்கிருந்து வாய்க்கால் ஓடும், கிளை பிரிந்தால் படத்திலும் பிரியும். வயல்கள் அந்தந்த இடத்தில் நிற்கும். தண்ணீர் கண்டவர் உயர நிற்பார், காணாதவர் தாழ இருப்பார். போட்டுப் பார்த்ததும் எனக்கே விளங்கியது. அங்கங்கே சில புள்ளிகள் முன்பின்னாக நின்றாலும், தலைப்பில் உயரம், போகப்போகச் சரிவு, வாலில் தரையோடு தரை. யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய தொல்லை ஒன்றே ஒன்று. வாலின் கடைசியிலும் கடைசியாக, எல்லாரும் தரையில் கிடக்கிற இடத்தில், ஒரு புள்ளி மட்டும் உச்சியில் நின்றது. முழுப் போகமும் தண்ணீர் வந்ததாம்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் விரல் ஏற்கெனவே திரையில் இருந்தது.

அந்தப் புள்ளி ஓர் ஐயா. திட்டம் தொடங்கிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். கனகாலம் கமக்காரர் அமைப்பின் தலைவராக இருந்தவர். தண்ணீர் போதாது என்று யாராவது முறைப்பாடு கொண்டுவந்தால், ‘தண்ணி காணாது எண்டு சொல்லுறவன் வெள்ளாண்மை செய்யக்கூடாது’ என்று ஏசிக் கலைத்தவர். நாங்கள் ஸ்கூட்டியில் போய் இறங்கியபோது வாசல் படலையடியிலேயே கதிரை போட்டு இருந்தார். இளநீர் வெட்டித் தந்தார். அவருக்குப் பின்னால் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“ஐயா, போன சிறுபோகம் உங்களுக்குத் தண்ணி வந்ததோ?” என்று அக்கா கேட்டார்.

“வந்தது. ஏன் வராமல்?”

“பக்கத்து வயலுக்கு வரேல்லையாம்.”

“அவன் கமம் தெரியாதவன்.”

“அதுக்கு அங்காலை?”

“அவன் அவன்ரை மச்சான். ரெண்டும் ஒண்டுதான்.”

“நெல்லு எப்பிடி ஐயா வந்தது?”

ஐயா இளநீர்க் கோம்பையைத் தூக்கித் தூர எறிந்தார். “நெல்லுக்கு நோய் வந்தது பிள்ளை. அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்லை.”

இதற்கு மேல் என்ன கேட்பது? வருகிற வழியில் அக்கா ஸ்கூட்டியைப் பாதையோரம் நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் தொட்டாச்சிணுங்கி வளர்ந்திருந்தது.

சேர் நேராக விசயத்துக்கு வந்தார். “அந்தப் புள்ளியை வெட்டி விடுங்கோ அக்கா. பதிஞ்சது பிழை எண்டு போடுவம்.”

“ஆளை வெட்ட ஏலாது, சேர்.”

“அப்ப மாத்துங்கோ. நீங்கள் கண்ணாலை பாத்தனீங்கள் தானே.”

“அவர் தன்ரை வாயாலை சொன்னதை நான் எப்பிடி மாத்திறது? அவர்தான் இறங்க வேணும்.”

அவர் இறங்கவில்லை. கூட்டம் வந்துவிட்டது.

பொதுநோக்கு மண்டபத்தில் புரொஜெக்டரால் சுவரில் படத்தை விழுத்தினோம். சனம் அதில் தங்கள் தங்கள் வயலைத் தேடிக் கண்டுபிடித்து அமளிப்பட்டது. வால்காரர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்தார். கெட்டவர் அல்ல, தண்ணீர் முறையை மாற்றினால் தனக்கு எவ்வளவு வேலை என்று தெரிந்தவர்.

“மிஸ், கடைசி வயலுக்கு முழுத் தண்ணியும் போயிருக்கு எண்டு உங்கடை படமே சொல்லுது. தண்ணி உவ்வளவு பேரின்ரை வயலையும் தாண்டித்தானே அங்கை போயிருக்க வேணும்? அப்ப இடையிலை இருக்கிற ஆக்கள்தான் பொய் சொல்லியிருக்கினம்.”

தலைப்புக்காரர் மேசையில் தட்டினார்கள். வால்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா கூரையைப் பார்த்தார். படம் இல்லாமல் வந்திருந்தாலாவது வால்காரர் வாயால் வாதாடியிருப்பார்கள். எங்கள் படமே அவர்களைப் பொய்யர்களாக்கிவிட்டது.

அந்தநேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, சுவரில் படமும் போனது. சரி, பார்த்தது போதும், முடிவை எழுதுவோம் என்றார் பொறியியலாளர்.

“படம் இல்லாட்டி என்ன?” என்றார் அக்கா. “ஆக்கள் இருக்கினம் தானே. எல்லாரும் ஒருக்கா வெளியிலை வாங்கோ.”

வெளியே வேப்பமர நிழல் நீளத்துக்குக் கிடந்தது. அக்கா அதன் ஒரு முனையில் போய் நின்றார்.

“இது துருசு. எல்லாரும் உங்கடை உங்கடை வயல் ஒழுங்கிலை வந்து நில்லுங்கோ. முழுக்கத் தண்ணி கண்ட ஆக்கள் நில்லுங்கோ. அரைகுறையாய்க் கண்ட ஆக்கள் கதிரையிலை இருங்கோ. காணாத ஆக்கள் நிலத்திலை.”

சேர் கண்ணை மூடிக்கொண்டார். வரிசை ஒழுங்காவதற்குள் ஒரு சின்னப் போரே நடந்தது. யார் யாருக்கு மேலே என்று இரண்டு சகோதரர்கள் வாய்த்தர்க்கப்பட்டார்கள். ஒரு பெண் குடையோடு தன் இடத்தில் நின்று, புருசனைப் பிழையான கிளை வாய்க்காலில் இருந்து இழுத்து வந்தார். தலைப்பில் இரண்டாவது வயல்காரர் நேரே போய் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். பதிகிறவர்கள் வந்தால் இல்லை என்று சொல்லிவைத்தால் ஏதாவது கிடைக்கும். தாளில் சொல்லலாம், அயலுக்கு முன்னால் முடியுமா? பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“எழும்படாப்பா! உன்ரை வரம்பு உடைச்சு றோட்டெல்லாம் வெள்ளம் ஓடினது.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு எழுந்து நின்றார். பதிந்ததில் இருந்த பிழைகள் ஒவ்வொன்றாக இப்படியே எழும்பின, இருந்தன. நிழலின் நீளத்துக்கு ஒரு படம் உருவானது. அந்த முனையில் ஆட்கள் உயர நின்றார்கள், நடுவில் கதிரைகள், பிறகு வரிசையாக நிலத்தில். சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

நிலத்தில் இருந்தவர்களுக்கு அப்பால், கடைசியில், ஐயா ஒருவர் மட்டும் நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குளத்துப் பக்கம் பார்த்தபடி.

அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தவர் கமம் தெரியாதவர், அவருக்குப் பக்கத்தில் அவருடைய மச்சான். இரண்டுபேரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். ஏச்சு வாங்கிப் பழகியவர்கள். பொறியியலாளர் மெல்ல நடந்து அந்த முனைக்கு வந்தார். அக்காவும் நானும் பின்னால் போனோம். ஐயா பொறியியலாளரைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த மச்சானைப் பார்த்தார், கனநேரம். அவருடைய தாடை அசைந்தது. சட்டென்று ஒரு கையை நிலத்தில் ஊன்றி மெதுவாக இறங்கி இருந்துவிட்டார்.

“முழங்கால் நோகுது” என்றார்.

“ஐயா, அப்ப உங்களுக்கும் தண்ணி...” என்று பொறியியலாளர் தொடங்கினார்.

“முழங்கால் நோகுது எண்டுறன்.”

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது கேட்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தரகரையே வேர்க்கவைத்தவர். உளுந்துக்காரரின் காணி அளவு வரைக்கும் தோண்டியவர். வாயைத் திறந்தார். பிறகு ஐயாவுக்குப் பக்கத்தில் குந்தி, அவருடைய வேட்டி விளிம்பில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டார்.

“ஓம் ஐயா, முழங்கால்தான். எழும்ப வேண்டாம், அப்பிடியே இருங்கோ.”

பொறியியலாளர் வரிசையை ஒரு முனையில் இருந்து மறு முனைவரை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. அந்தச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறை வாலில் இருந்து தொடங்கும் என்று எழுதினார்கள். தலைப்புக்காரர் முணுமுணுத்தார்கள்தான். ஆனால் தாங்களே நின்றுகொண்டிருக்கும்போது என்ன சொல்ல முடியும்?

தண்ணீர் கடைசி வயலுக்கு வந்த அன்று அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஐயா வரம்பில் நின்றார். காலடியில் கலங்கிய தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து வெடிப்புகளுக்குள் இறங்கியது. பக்கத்து வயல்காரரும் மச்சானும் மண்வெட்டியோடு நின்று அவருக்குத் தண்ணீர் இறங்க வாய் வெட்டிக் கொடுத்தார்கள்.

“தண்ணி வந்திட்டுது ஐயா!” என்றார் அக்கா.

“எப்பவும் வாற தண்ணிதானே” என்றார் ஐயா. ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு நான் கொழும்புக்கு வேலை மாறிப் போனேன். அக்கா வவுனியாவுக்குப் போய்விட்டதாக அறிந்தேன். தரகர் இல்லாமல், தானே கேள்வி கேட்டுத் திருப்திப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டு. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது.

அண்மையில் ஒரு வேலைக்காக அந்த லைப்ரரியைத் திறந்தபோது படவகைகளின் வரிசையில் வாய்க்கால் என்ற பெயரைக் கண்டேன். ஆங்கில எழுத்தில், அதே சொல். எங்கள் வேப்பமரத்தடி வரிசையைத்தான் மாதிரித் தரவாக அக்கா கொடுத்திருந்தார், எல்லாருடைய சம்மதத்தோடும் பெயர்களோடும். கொம்பும் காலும் உரிய இடத்தில் இருந்தன. கடைசிப் புள்ளிக்கு மட்டும் பெயர் இல்லை. அந்தப் படவகையை உள்ளே எடுப்பதற்கு முன்பு நடந்த கேள்வி பதிலும் அங்கேயே இருந்தது. குளிர் நாட்டுக்காரர் அக்காவிடம் நன்றாகத்தான் பழகியிருந்தார். வேறு எதையும் கேட்கவில்லை. கடைசி எண் முதலில் உச்சியில் இருந்து பிறகு பூச்சியமாகியிருக்கிறதே, பெயரும் இல்லையே, இந்தப் புள்ளி யார் என்று கேட்டிருந்தார்.

அதற்குக் கீழே அக்காவின் பதில் ஒரு வரி.

“ஒருவருக்கு முழங்கால் நோவு.”